தசமப் புள்ளியை நாமே வைத்த காலம்

34.5ஐ 6.78ஆல் பெருக்க 1973இல் எனக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். என் பேத்திக்கு இப்போது ஐந்து விநாடி போதும். நான் அன்று இருந்த அதே நான்காம் படிவத்தில்தான் அவளும் இருக்கிறாள். மலேசியாவில் நான் படித்த அதே பந்திங் வட்டாரத்தில்தான் படிக்கிறாள். நடுவில் அரை நூற்றாண்டு.

அந்த ஒன்றரை நிமிடத்தில் என்ன நடந்தது என்பதை என் விரல்கள் இன்னும் மறக்கவில்லை. லாக் புத்தகத்தை, அதாவது மடக்கை அட்டவணையை, திறப்பதற்கு முன்பே ஒரு வேலை இருந்தது. 34.5 என்பது 10க்கும் 100க்கும் இடைப்பட்டது. ஆகவே தாளில் 1 என்று எழுதிப் புள்ளி வைத்துக்கொள்வேன். 6.78 என்பது 1க்கும் 10க்கும் இடைப்பட்டது, அதற்கு 0. அதன் பிறகே புத்தகம். இடப்பக்க ஓரத்தில் 34ஐக் கண்டுபிடித்து, அந்த வரியிலேயே விரலை நகர்த்தி 5 என்று தலைப்பிட்ட பத்திக்கு வந்தால் 5378. அதேபோல் 67ஆம் வரியில் 8இன் கீழே 8312. ஆக 1.5378, 0.8312. இரண்டையும் கூட்டினால் 2.3690. இப்போது முன்னால் நிற்கும் 2ஐ ஒதுக்கிவிட்டு, புத்தகத்தின் பின்பக்கங்களில் இருக்கும் எதிர் அட்டவணையில் .369ஐத் தேடினால் 2339 கிடைக்கும். ஒதுக்கி வைத்த 2 இப்போதுதான் பேசும். விடை நூறுகளில் இருக்கிறது, புள்ளிக்கு முன்னால் மூன்று இலக்கம் வரவேண்டும் என்று அது சொல்லும். 233.9.

பேத்தியின் கேசியோ கணிப்பான் 233.91 என்று காட்டுகிறது. அவளுடையது இன்னும் துல்லியம். ஆனால் புத்தகம் எனக்குத் தந்தது 2339 என்ற நான்கு இலக்கங்களை மட்டுமே. 2.339ஆ, 233.9ஆ, 23,390ஆ என்பதை அது சொல்லவில்லை. புள்ளியை நானேதான் வைத்தேன். இந்தச் சின்ன வேலையைப் பற்றி அப்போது நான் எதுவும் நினைத்ததில்லை. அது இல்லாமல் போன பிறகுதான் அதைப் பற்றி அதிகம் நினைக்கிறேன்.

பந்திங்கைச் சுற்றி அன்று பால்மரம் என்னும் ரப்பர் மரம்தான். நாங்கள் இருந்தது தோட்டத்து லயத்தில். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, புதுமுக வகுப்பில் ஓராண்டு ஆங்கிலத்தோடு போராடி, பிறகு முதல் படிவம். விடிவதற்கு முன்பே அப்பா பால் வெட்டப் போவார். நான் பேருந்துக்கு நிற்பேன். பள்ளி விட்டு வந்தால் ஸ்டோரில் பால் நிறுக்கும் இடத்தில் போய் நிற்பது எனக்குப் பிடிக்கும். தோட்டத்துக் கணக்கரான கிராணி பாலில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, அது எந்தக் கோடு வரை அமிழ்கிறது என்று பார்ப்பார். அதற்கு மெட்ரோலாக் என்று பெயர். எவ்வளவு பாலில் எவ்வளவு காய்ந்த ரப்பர் இருக்கிறது என்பதை அது காட்டும். பிறகு ஒரு தடித்த கணக்குப் புத்தகத்தைப் புரட்டி எண்ணைப் படித்துச் சொல்வார். யாரோ எங்கோ முன்கூட்டியே போட்டுவைத்த கணக்கை நாம் திறந்து எடுத்துக்கொள்கிறோம் என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் முதலில் வந்தது. லாக் புத்தகம் கைக்கு வந்தபோது அது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. அதுவும் ஒரு ஸ்டோர் கணக்குப் புத்தகம்தான்.

ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? இந்தக் கேள்வியை அன்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. தேடு, கூட்டு, திரும்பத் தேடு, அவ்வளவுதான் பாடம். விடை எனக்குக் கிடைத்தது பல ஆண்டுகள் கழித்து, நானே கணித ஆசிரியரான பிறகு. அதுவும் என் பாட்டியை நினைத்துக்கொண்டிருந்த ஒரு நாளில்.

தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்தவர் என் பாட்டி. பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் பின்னக் கணக்கு அவர் வாயிலேயே இருந்தது. அரை, கால், அரைக்கால், வீசம். ஒன்றைப் பாதியாக்கினால் அரை; அதைப் பாதியாக்கினால் கால்; மறுபடி பாதியாக்கினால் எட்டில் ஒன்று, அது அரைக்கால்; இன்னொரு முறை பாதியாக்கினால் பதினாறில் ஒன்று, அது வீசம். ஏட்டில் மாகாணி என்பதும் அதுதான். இனி பாட்டியின் பெருக்கலைப் பாருங்கள். காலில் பாதி எவ்வளவு? அரைக்கால். காலில் கால்? வீசம். அவர் பெருக்கவே இல்லை. எத்தனை தடவை பாதியாக்கினோம் என்பதை மட்டும் கூட்டிக்கொண்டார். அரை என்பது ஒரு தடவை, கால் என்பது இரண்டு தடவை. ஒன்றும் இரண்டும் மூன்று. மூன்றாம் தடவைக்குப் பெயர் அரைக்கால். கால் இரண்டு தடவை, இன்னொரு கால் இரண்டு தடவை. நான்காம் தடவைக்குப் பெயர் வீசம்.

அடுக்கு என்பதும் மடக்கை என்பதும் இவ்வளவுதான். ‘அரைக்கால்’ என்ற சொல்லிலேயே பெருக்கல் இருக்கிறது. அதை விரலில் எண்ணினால் கூட்டல். பாதியாக்குவதற்குப் பதில் இரட்டிப்பாக்கினாலும் கணக்கு மாறாது. 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512, 1024 என்று ஒரு வரி எழுதுங்கள். அதன் தலைக்கு மேல் 0, 1, 2, 3 என்று 10 வரை எழுதுங்கள். 16ஐ 64ஆல் பெருக்க வேண்டுமா? 16இன் தலையில் 4, 64இன் தலையில் 6. கூட்டினால் 10. 10இன் கீழே 1024. தலையில் இருக்கும் எண்தான் அடுக்கு. கீழிருந்து மேலே பார்த்து ‘1024 எத்தனையாவது இரட்டிப்பு?’ என்று கேட்டால், அதற்கு விடையாக வரும் 10தான் மடக்கை. ஒரே ஏணி, அடுக்கில் ஏறுகிறோம், மடக்கையில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று கேட்கிறோம்.

இந்த இரட்டை வரியை ஜெர்மானியரான மிக்கேல் ஸ்டீஃபல் 1544இல் அச்சில் காட்டிவிட்டார். எதிர்த்திசையில், பாதிகளுக்குள்ளும் அது போகும் என்பதையும் கண்டிருந்தார். ஆனால் ஏணிப் படிகளுக்கு நடுவே பெரிய இடைவெளி இருந்தது. 2க்கும் 4க்கும் நடுவில் 3 நிற்க இடமில்லை. அந்த இடைவெளிகளை நிரப்ப இருபது ஆண்டுகள் உட்கார்ந்தவர் ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர். 1614இல் அவர் புத்தகம் வந்தது. அதைப் படித்த லண்டன் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ் மறு ஆண்டே எடின்பரோவுக்குப் பயணமானார். 10ஐ அடிமானமாகக் கொண்டால் எல்லோருக்கும் எளிது என்று இருவரும் ஒப்பினார்கள். 1617இல் நேப்பியர் இறந்தார். அதே ஆண்டில் பிரிக்ஸ் 1 முதல் 1,000 வரையான எண்களின் மடக்கையைப் பதினான்கு இலக்கத்துக்கு அச்சிட்டார். அதற்காக அவர் 10க்கு வர்க்கமூலம் கண்டார். அந்த விடைக்கு மறுபடி வர்க்கமூலம். இப்படி 54 முறை. எல்லாம் கையால்.

தொடக்க மாணவர்களுக்கு ஓர் இடத்தில் மனம் தடுக்கும். ‘பத்தை இரண்டு முறை பெருக்கினால் நூறு, மூன்று முறை பெருக்கினால் ஆயிரம், சரி. 0.3010 முறை பெருக்கினால் இரண்டு வருமாம், அப்படிப் பெருக்குவது என்றால் என்ன சார்?’ என்று என் மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. நான் கரும்பலகையில் 1024ஐ எழுதுவேன். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1024. அது ஆயிரத்துக்குக் கொஞ்சம்தான் கூடுதல். ஆயிரம் என்பதோ பத்தை மூன்று முறை பெருக்கியது. அப்படியென்றால் பத்து இரண்டுகள் ஏறக்குறைய மூன்று பத்துகளின் வேலையைச் செய்கின்றன. ஓர் இரண்டு எவ்வளவு வேலை செய்கிறது? பத்தில் மூன்று பங்கு, 0.3. அந்த 24 கூடுதலாக இருப்பதால்தான் 0.3க்குப் பதிலாக 0.3010. அட்டவணையில் 20ஆம் வரியைத் திறந்து 3010 என்று அச்சாகியிருப்பதை அவர்களுக்குக் காட்டும்போது, எனக்கு இதை யாரும் பதினேழு வயதில் காட்டவில்லையே என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இந்தப் பாடம் எந்த மொழியில் நடந்தது என்பதும் மாறிக்கொண்டே வந்தது. நான் ஆங்கிலத்தில் படித்தேன். நான் பாடம் நடத்தியது பெரும்பாலும் மலாயில். 2003இலிருந்து சில ஆண்டுகள் கணிதமும் அறிவியலும் மறுபடி ஆங்கிலத்துக்குப் போய், பிறகு திரும்பி வந்தன. பேத்தி மலாயில் படிக்கிறாள். ‘இன்டெக்ஸ்’, ‘லொகாரித்மா’ என்கிறாள். தமிழ்ப்பள்ளிக் கணிதம் ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுவதால், மடக்கை என்ற தமிழ்ச் சொல் எங்கள் பிள்ளைகளின் வகுப்பறைக்குள் வந்ததே இல்லை. நானே அதை நாற்பது வயதுக்கு மேல்தான், தமிழ்நாட்டிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்த பாடநூலில் பார்த்தேன். மடங்கு, மடி, மடக்கை என்று அந்தச் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் என் காதில் விழுந்தபோது, லாக் என்ற சொல் கொடுக்காத ஒன்றைக் கொடுத்தன. எத்தனை மடி மடித்தோம் என்று கேட்பதுபோல இருந்தது. பாட்டி இருந்திருந்தால் அவரிடம் இந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேன்.

அன்று எங்களை மிகவும் வதைத்தது ஒன்றுக்குக் குறைந்த எண்கள்தான். 0.0345க்கு மடக்கை என்ன? இலக்கங்கள் அதே 5378. ஆனால் முன்னால் வருவது −2. தசமப் பகுதி நேராகவும் முழு எண் பகுதி எதிராகவும் இருப்பதால், 2இன் தலையில் ஒரு கோடு போட்டு எழுதுவோம். ‘பார் டூ’ என்று படிப்போம். பார் டூவிலிருந்து பார் த்ரீயைக் கழித்து, நடுவில் ஒன்றைக் கடன் வாங்கி, இரண்டாலும் மூன்றாலும் வகுத்து வர்க்கமூலம் கனமூலமெல்லாம் எடுப்பதற்குள் வேர்த்துவிடும். இன்றைய பாடநூலில் அந்தக் கோடு இல்லை. பேத்திக்கு அது என்னவென்றே தெரியாது. கணிப்பான் −1.462 என்று நேராகச் சொல்லிவிடுகிறது. அதற்காக நான் வருந்தவில்லை. அந்தக் கோட்டில் அறிவைவிட அவஸ்தைதான் அதிகம்.

வருந்துவதற்கு வேறு ஒன்று உண்டு. எங்கள் வகுப்பில் ஒருவன் இருந்தான். எந்தக் கணக்கையும் வாயால் சொன்னால் வழியைச் சொல்லிவிடுவான். ஆனால் அட்டவணையின் பொடி எழுத்தை அவனால் படிக்க முடியவில்லை. ஒரு வரி தாண்டிப் படித்துவிடுவான். 5378க்குப் பதில் மேல்வரியிலிருந்து எடுத்துவிடுவான். கண்ணில் கோளாறு என்பது வீட்டிலும் தெரியவில்லை, பள்ளியிலும் தெரியவில்லை. மந்தம் என்று எழுதிவிட்டார்கள். ஐந்தாம் படிவம் முடியும்முன்பே தோட்டத்து வேலைக்குப் போய்விட்டான். அவன் கையில் ஒரு கணிப்பான் இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்றும் வரும். பழைய முறையை நான் எவ்வளவு நேசித்தாலும், அது யாரை வெளியே தள்ளியது என்பதை மறைத்து எழுத மாட்டேன்.

அந்தக் கணிப்பான் உலகத்தில் அப்போதே பிறந்துவிட்டது. 1972இல் ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனம் எச்பி-35 என்ற சட்டைப்பைக் கருவியை விற்பனைக்கு விட்டது. 395 அமெரிக்க டாலர். அன்றைய மதிப்பில் ஆயிரம் மலேசிய வெள்ளிக்கு மேல். பால் வெட்டும் ஒருவர் பல மாதம் சாப்பிடாமல் சேர்த்தாலும் எட்டாத தொகை. நான் லாக் புத்தகத்தில் விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில், எங்கோ ஒரு பொறியாளர் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. நேப்பியரின் புத்தகத்துக்கும் அந்தக் கருவிக்கும் நடுவே 358 ஆண்டுகள். அவ்வளவு காலம் மாலுமிகளும் வானியலாளர்களும் நில அளவையாளர்களும் வட்டிக் கணக்கர்களும் அட்டவணையை நம்பியிருந்தார்கள். அதன் பிறகு பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. எச்பி-35க்குள் முழு அட்டவணை இல்லை. 2, 1.1, 1.01 போன்ற சில எண்களின் மடக்கைகளை மட்டும் அது நினைவில் வைத்திருந்தது. மற்றதையெல்லாம் கூட்டியும் இலக்கங்களை நகர்த்தியும் கண்டுபிடித்துக்கொண்டது. மடக்கைகளைக் கூட்டினால் பெருக்கல் கைகூடும் என்ற நேப்பியரின் வழி, புத்தகத்திலிருந்து சில்லுக்குள் குடிபோயிருந்தது. எங்கள் கண்ணுக்குத்தான் அது தெரியாமல் போனது.

எங்கள் பள்ளிகளில் புத்தகம் உடனே மறையவில்லை. 2000களின் எஸ்.பி.எம். தேர்வின் கூடுதல் கணிதத் தாள்களில்கூட, நிரல் எழுத முடியாத அறிவியல் கணிப்பானைப் பயன்படுத்தலாம் என்ற வரியும், நான்கு இலக்க அட்டவணைப் புத்தகம் வழங்கப்படும் என்ற வரியும் அடுத்தடுத்து அச்சாகி வந்தன. தேர்வு மண்டபத்தில் மேற்பார்வைக்கு நிற்கும்போது பார்த்திருக்கிறேன். மேசைக்கு மேசை அந்தப் புத்தகம் வைக்கப்பட்டிருக்கும். யாரும் திறக்க மாட்டார்கள். தேர்வு முடிந்ததும் மடிப்புக் கலையாமல் அப்படியே திரும்பி வரும்.

அப்படியென்றால் மடக்கை தேவையற்றுப் போய்விட்டதா? அதன் வேலைதான் மாறியது. என் காலத்தில் அது பெருக்குவதற்கான கருவி. பேத்தியின் காலத்தில் அது அளவுகளைப் பார்ப்பதற்கான கண். இது நேர்ந்தது நல்லதுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்டோரில் பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றுவார்கள். ஃபார்மிக் அமிலம். எவ்வளவு ஊற்றினால் சரியாக உறையும் என்பது அந்த வேலையாளின் கைப்பழக்கம். பீஎச் என்ற சொல் அங்கே யாருக்கும் தெரியாது. டென்மார்க்கின் சோரன்சன் 1909இல் கொண்டுவந்த அந்த அளவுகோல் முழுக்க மடக்கைதான். புதுப் பாலின் பீஎச் 7க்குப் பக்கத்தில் இருக்கும். ஆசிட் விட்டு உறையும்போது 5க்குப் பக்கத்தில் வந்துவிடும். 7க்கும் 5க்கும் வித்தியாசம் இரண்டுதானே என்று தோன்றும். அந்த இரண்டு, பத்தின் இரண்டு அடுக்கு. அமிலத்தன்மை நூறு மடங்கு ஏறியிருக்கிறது. பேத்தி இதை வேதியியல் பாடத்தில் படித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். நான் கண்ணால் நூறு தடவை பார்த்ததை அவள் எண்ணாகச் சொன்னாள். அவளுக்குப் பால் உறைவதைக் காட்ட இப்போது பக்கத்தில் ஸ்டோர் இல்லை. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வீட்டில் அடைந்திருந்தோம். அவள் அப்போது சிறுமி. தொலைக்காட்சியில் தினமும் கோவிட் தொற்றாளர் எண்ணிக்கை வரும். மார்ச் 20இல் மொத்தம் 1,030 பேர். மார்ச் 26இல் 2,031. இரட்டிப்பாக ஆறு நாள். ஏப்ரல் 8இல் 4,119. அடுத்த இரட்டிப்புக்குப் பதின்மூன்று நாள். சாதாரணக் கட்டத்தாளில் வரைந்தால் கோடு மேலே மேலே போய்ப் பயமுறுத்தும். நான் ஒரு பழைய நாட்குறிப்பில் எண்களுக்குப் பதில் அவற்றின் மடக்கைகளை வரைந்தேன். 3.0128, 3.3077, 3.6148. ஒவ்வொரு இரட்டிப்பும் ஏறக்குறைய 0.3 உயரம், பாட்டியின் ஒரு படி. முதல் படிக்கு ஆறு கட்டம், இரண்டாம் படிக்குப் பதின்மூன்று கட்டம். ஏணி சாய்ந்துகொண்டிருந்தது. அந்த வாரம் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

இவ்வளவும் ஆதாயம். இப்போது இழப்பு.

ஒரு மாலை, ஊழியர் சேமநிதி வாரியத்தின் லாப ஈவைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தது. 2023க்கு 5.5 விழுக்காடு. போட்ட பணம் எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று பேத்தியிடம் கேட்டேன். மடக்கைக்கு இதைவிட வீட்டுக்கு நெருக்கமான கணக்கு இல்லை. இரண்டின் மடக்கையை 1.055இன் மடக்கையால் வகுக்க வேண்டும். அவள் வழி சரி. ஆனால் அவசரத்தில் 1.055க்குப் பதில் 5.5 என்று அழுத்திவிட்டாள். கணிப்பான் 0.4066 என்றது. ‘0.41 ஆண்டு தாத்தா’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

நான் எதுவும் சொல்லாமல் இருந்தேன். ஐந்து மாதத்தில் பணம் இரட்டிப்பாகிறது என்று அவள் சொன்னதை அவளே கேட்கவில்லை. அவள் கெட்டிக்காரி, தேர்வில் என்னைவிட நல்ல புள்ளி எடுக்கிறாள். மடக்கை விதிகளை அவள் நிறுவிக் காட்டுவாள், அடிமானத்தை மாற்றுவாள், பதினேழு வயதில் நான் கேள்விப்பட்டிராத கணக்குகளைப் போடுவாள். ஆனால் விடையைப் பார்க்கும் முன் ‘இது ஒன்றுக்கு மேலா கீழா, பத்துக்கு மேலா கீழா’ என்று ஒரு கணம் நிற்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. நான் நின்றது என் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல. புத்தகம் புள்ளியைத் தராததால் நிற்க வேண்டியிருந்தது. அந்தக் குறைபாடு எனக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்தது. அவளுடைய கருவியில் அந்தக் குறைபாடு இல்லை.

‘ஐந்து மாசத்துல டபுள் ஆகுமாம்மா?’ என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் மாறியது. மறுபடி அழுத்தினாள். 12.95. பதின்மூன்று ஆண்டு. ‘தாத்தா காலத்துல?’ என்றாள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1983 முதல் 1987 வரை, லாப ஈவு 8.5 விழுக்காடு. அதையும் போட்டுப் பார்த்தாள். 8.50 ஆண்டு. விழுக்காடும் எட்டரை, ஆண்டும் எட்டரை. அந்த ஒற்றுமையைப் பார்த்து இருவரும் சிரித்தோம். எட்டரைக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே இருக்கும் நாலரை ஆண்டு அவள் தலைமுறையின் பொறுமையில் கழியப்போகிறது என்பதை நான் சொல்லவில்லை.

அன்று இரவு அலமாரியிலிருந்து லாக் புத்தகத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அட்டை போய்விட்டது. 10 முதல் 54 வரையுள்ள முதல் பக்கத்தின் ஓரம் விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறியிருக்கிறது. மறுபக்கம் அவ்வளவு இல்லை. சிறிய இலக்கங்களில் தொடங்கும் எண்களைத்தான் நாம் அதிகம் தேடுகிறோம். சைமன் நியூகோம் என்ற வானியலாளர் 1881இல் இதையே தம் மடக்கை அட்டவணைகளில் கவனித்து எழுதியிருக்கிறார். 1இல் தொடங்கும் எண்கள் உலகத்தில் அதிகம் என்ற விதி அங்கிருந்துதான் முளைத்தது. கணிப்பானின் பொத்தான்களிலும் இந்தத் தேய்மானம் தெரியுமா என்று பேத்தி தன்னுடையதைத் திருப்பிப் பார்த்தாள். தெரியவில்லை. எல்லாப் பொத்தானும் ஒரே மாதிரி பளபளத்தன.

‘ரெண்டை நூறு தடவை பெருக்கினா என்ன வரும்?’ என்று கேட்டேன். அவள் அழுத்தினாள். 1.2676506, பத்தின் 30ஆம் அடுக்கு. நான் புத்தகத்தில் பார்த்தேன். .3010ஐ நூறால் பெருக்கினால் 30.10. எதிர் அட்டவணையில் .1000க்கு 1259. ஆக என் விடை 1.259, பத்தின் 30ஆம் அடுக்கு. ‘உங்களோடது தப்பு’ என்றாள். உண்மைதான். நான்காவது இலக்கத்துக்கு அப்பால் வெட்டி எறிந்த துணுக்கு, நூறு மடங்காகித் திரும்பி வந்து என் விடையைக் கெடுத்திருந்தது. ஆனால் மொத்தம் முப்பத்தொரு இலக்கம் என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை.

‘சரி, ஆயிரம் தடவை?’

அவள் அழுத்தினாள். திரையில் எண் வரவில்லை. ‘மேத் எரர்’ என்று வந்தது. மறுபடி அழுத்தினாள், அதேதான். பத்தின் நூறாவது அடுக்கை அந்தக் கருவியால் தாங்க முடியாது. நான் பேசாமல் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினேன். 20ஆம் வரியில் விரல் வைத்தாள். அந்த இடத்தில் காகிதம் மிகவும் பழுப்பு. .3010. தாளில் எழுதி, ஆயிரத்தால் பெருக்கிப் புள்ளியை மூன்று இடம் நகர்த்தினாள். 301.0. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘முந்நூத்தி ரெண்டு இலக்கம் தாத்தா.’

அதோடு புத்தகத்தை மூடிவிடுவாள் என்று நினைத்தேன். மூடவில்லை. பக்கத்தைத் திருப்பாமலே விரலைக் கீழே இறக்கி 30ஆம் வரிக்குப் போனாள். யாரும் கேட்காமலே 4771 என்று எழுதி, முன்னால் ஒரு புள்ளி வைத்து, மூன்றை ஆயிரம் தடவை பெருக்கினால் எத்தனை இலக்கம் என்று போட்டுக்கொண்டிருந்தாள்.